பத்துப் பெயருக்கு ஒன்பது கமா

கத்தரி, வெண்டை, முருங்கை. காய் மூன்று, கமா இரண்டு. கையால் எழுதும்போது இதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கடைசிக் காயை எழுதியதும் பேனா தானாக நின்றுவிடும். இதையே நிரலுக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் கமா எங்கே வரும், எங்கே வரக்கூடாது, பட்டியலே காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஸ்ட்ரிங் என்று நாம் பேச்சில் சொல்லும் சரங்களை, நடுவில் ஒரு பிரிப்பானை வைத்துக் கோர்ப்பது ஏறக்குறைய எல்லா மொழிகளிலும் ஒரே வரி வேலை. பைத்தானில் ", ".ஜாயின்(காய்கள்) என்று எழுதினால் முடிந்தது. அந்த ஒரு வரியைக் கற்றுக்கொள்ள ஒரு நிமிடம் போதும். கோர்த்துக் கிடைக்கும் சரத்தை அடுத்து யார் படிக்கப் போகிறார்கள் என்ற கேள்விக்குத்தான் நேரம் வேண்டும். மனிதர் படிப்பதென்றால் அது இலக்கணம் சார்ந்த வேலை. இன்னொரு நிரல் படிப்பதென்றால், கோர்த்ததைத் திரும்பப் பிரிக்க முடியுமா என்பதுதான் முக்கியம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான பிழைகள் வருகின்றன. அவற்றுக்குப் போகும் முன் அடிப்படையான கணக்கைப் பார்த்துவிடலாம்.

கையால் லூப் எழுதினால்

உறுப்புகள் பத்து என்றால் பிரிப்பான்கள் ஒன்பது. பத்துக் கம்பம் நட்டு வேலி போட்டால் நடுவில் ஒன்பது இடைவெளிதானே இருக்கும், அதே கணக்கு. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப் பத்து முறை ஓடும், கமா ஒன்பது முறைதான் வர வேண்டும். இந்த ஒன்றைச் சரிக்கட்டப் போட்ட குறுக்குவழிகள் பல. அவற்றில் நான்கு அடிக்கடி கண்ணில் படும், மூன்றில் ஓட்டை இருக்கிறது.

முதல் வழி: ஒவ்வோர் உறுப்புக்குப் பின்னும் ", " போட்டுக்கொண்டே போய், கடைசியில் இரண்டு எழுத்தை வெட்டுவது. பட்டியலில் ஒன்றாவது இருக்கும்வரை வேலை செய்யும். பட்டியல் காலியாக வந்த அன்று வெட்டுவதற்கு எதுவும் இருக்காது. ஜாவாவில் ஸ்ட்ரிங்பில்டரின் நீளத்தில் இரண்டைக் கழித்தால் அது மைனஸ் இரண்டாகிவிடும், எக்ஸெப்ஷன் என்ற பிழை வரும். பில்டரில் முன்பே "காய்கள்: " என்று எழுதி வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். எந்த எக்ஸெப்ஷனும் வராது, அந்தத் தலைப்பின் கடைசி இரண்டு எழுத்து சத்தமில்லாமல் போய்விடும். பைத்தானில் சிலர் வெட்டுவதற்கு ஆர்ஸ்ட்ரிப் பயன்படுத்துவார்கள். அதற்கு ", " என்று கொடுத்தால் "கமாவும் ஸ்பேஸும் அடங்கிய கூட்டத்தில் எது வந்தாலும் பின்னாலிருந்து உரித்தெடு" என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். கடைசி உறுப்பே கமாவில் முடிந்தால் அந்தக் கமாவும் சேர்ந்து போகும்.

இரண்டாவது வழி: "இந்த உறுப்பு கடைசி உறுப்புக்குச் சமமில்லை என்றால் கமா போடு". பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. சென்னை, மதுரை, சென்னை என்று ஒரு பயணத் திட்டத்தை அதில் கொடுத்துப் பாருங்கள். முதல் சென்னையும் கடைசிச் சென்னையும் ஒன்றே. எனவே முதல் ஊருக்குப் பின் கமா விழாது. "சென்னைமதுரை, சென்னை" என்று வரும். ஒப்பிட வேண்டியது மதிப்பை அல்ல, இடத்தை.

மூன்றாவது வழி: "இதுவரை சேர்ந்த சரம் காலியாக இல்லையென்றால் முதலில் கமா போட்டு, பிறகு உறுப்பைச் சேர்". இதில் உள்ள ஓட்டை வெகுநாள் மறைந்திருக்கும். முதல் உறுப்பே வெற்றுச் சரமாக இருந்தால், இரண்டாவது உறுப்பு வரும்போதும் சேர்ந்த சரம் காலியாகத்தான் இருக்கும். கமா விழாது. மூன்று நெடுவரிசை இருக்க வேண்டிய வரியில் இரண்டே இருக்கும், தகவல் ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்துவிடும்.

சரியான வழி எளிமையானது. பிரிப்பானை ஒரு மாறியில் வைத்து, தொடக்கத்தில் அதை வெற்றுச் சரமாக வையுங்கள். லூப்புக்குள் முதலில் மாறியில் உள்ளதை எழுதுங்கள், பிறகு உறுப்பை எழுதுங்கள், பிறகு மாறியில் ", " போடுங்கள். முதல் சுற்றில் ஒன்றுமில்லாததை எழுதும், அடுத்த சுற்றிலிருந்து கமாவை எழுதும். காலிப் பட்டியல், ஒற்றை உறுப்பு, வெற்றுச் சரம், திரும்ப வரும் பெயர் என்று எதற்கும் தனி நிபந்தனை தேவையில்லை. சி++ எழுதுபவர்களுக்கு இது பழகிய உத்தி. அந்த மொழியின் தர நூலகத்தில் பிரிப்பானோடு கோர்க்கும் வசதி சி++23 வரை வரவில்லை. அதுவரை அவரவர் கையால்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மற்ற மொழிகளில் இதைக் கையால் எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் ஒரு மொழியில் பழகிய கையோடு இன்னொரு மொழிக்குப் போகும்போது தடுக்கி விழும் இடங்கள் உண்டு.

எந்த மொழியில் எப்படி

பைத்தானில் ஜாயின் என்பது பிரிப்பானின் மெத்தட், அதாவது பிரிப்பானுக்குப் பின் புள்ளி வைத்து அழைக்கும் செயல். ஜாவாஸ்கிரிப்டில் பட்டியலின் மெத்தட். பைத்தானுக்குப் புதிதாக வருபவர்கள் எல்லாரும் ஒரு முறையாவது பட்டியலுக்குப் பின் புள்ளி வைத்து ஜாயினைத் தேடியிருப்பார்கள். அப்படி அமைத்ததில் நியாயம் இருக்கிறது. பட்டியல், டூப்பிள், செட், உறுப்புகளை ஒவ்வொன்றாக உருவாக்கித் தரும் ஜெனரேட்டர், ஃபைலின் வரிகள் என்று வரிசையாக எடுக்கக்கூடிய எதையும் அது ஏற்கும். அத்தனை வகைகளிலும் ஒரு ஜாயினை எழுதுவதற்குப் பதில் சரத்தில் ஒன்றை எழுதினால் போதும். செட்டைக் கொடுத்தால் வரிசைக்கு உத்தரவாதம் கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வரிசை முக்கியம் என்றால் முதலில் சார்ட் செய்துவிட்டுப் பிறகு கோர்த்துக்கொள்ளுங்கள்.

பைத்தான் இதில் கறார். உறுப்புகள் எல்லாம் சரமாகவே இருக்க வேண்டும். ஓர் எண் கலந்திருந்தால் டைப்எரர் வரும், எத்தனையாவது உறுப்பு என்பதையும் சொல்லும். அந்த எண்ணிக்கை 0-விலிருந்து தொடங்கும் என்பதால், 2 என்று சொன்னால் மூன்றாவது உறுப்பைப் பாருங்கள். எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஸ்ட்ர் வழியாக மாற்றிவிட்டால் எரர் போய்விடும். ஆனால் மதிப்பு எதுவும் இல்லை என்பதைக் குறிக்கும் நன் என்பதும் "நன்" என்ற சொல்லாக மாறி உள்ளே உட்கார்ந்துகொள்ளும். வாடிக்கையாளரின் முகவரியில் அந்தச் சொல் அச்சாகி வருவது இப்படித்தான்.

ஜாவாஸ்கிரிப்ட் இதற்கு நேர்மாறு. பிரிப்பான் கொடுக்காவிட்டால் அதுவே கமாவைப் போட்டுக்கொள்ளும், பக்கத்தில் ஸ்பேஸ் இருக்காது. மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் நல், அன்டிஃபைன்ட் இரண்டும் வெற்றுச் சரமாகும். ஆனால் பிரிப்பான் அப்படியே நிற்கும், ஆகவே இரண்டு கமா அடுத்தடுத்து வரும். பட்டியலுக்குள் பட்டியல் இருந்தால் உள்ளே இருப்பது நீங்கள் கொடுத்த பிரிப்பானைக் கண்டுகொள்ளாது. 1, பிறகு 2-உம் 3-உம் அடங்கிய உள்பட்டியல் என்று வைத்து "-" கொண்டு கோர்த்தால் "1-2,3" வரும். ரூபியில் இதே வேலை "1-2-3" என்று வரும், ஏனென்றால் அது உள்ளே இறங்கியும் அதே பிரிப்பானைப் பயன்படுத்துகிறது. ரூபியில் பிரிப்பான் கொடுக்காவிட்டால் எதுவும் போடாமல் ஒட்டிவிடும். ஒரே பெயரில் ஒரே வேலை போலத் தெரிந்தாலும் இயல்பு மதிப்பு ஆளுக்கு ஒன்று. பிரிப்பானை எப்போதும் வெளிப்படையாக எழுதிவிடுவதுதான் நல்ல பழக்கம்.

ஜாவாவில் ஸ்ட்ரிங் டாட் ஜாயின் 2014-ல் ஜாவா 8-உடன்தான் வந்தது. நல் இருந்தால் "நல்" என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையே எழுதிவிடும். ஸ்ட்ரீமில் வேலை செய்பவர்களுக்கு கலெக்டர்ஸின் ஜாயினிங் இன்னும் வசதி: முன்னொட்டு, பின்னொட்டு இரண்டையும் அதிலேயே கொடுக்கலாம், அடைப்புக்குறிக்குள் பட்டியல் வேண்டுமென்றால் தனியாக ஒட்ட வேண்டாம். சி ஷார்ப்பில் நல் என்பது வெற்றுச் சரம். பிஎச்பியில் இம்ப்ளோட் என்ற பெயரில் இருப்பது, பிரிப்பானையும் பட்டியலையும் எந்த வரிசையில் கொடுத்தாலும் நீண்ட காலம் ஏற்றுக்கொண்டிருந்தது. 7.4-ல் தலைகீழ் வரிசைக்கு எச்சரிக்கை வந்தது, 8.0-ல் அது செல்லாது என்றாகிவிட்டது. பழைய பிஎச்பி தளத்தைப் புதுப்பிக்கும்போது முதலில் தேடிப் பார்க்க வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

கட்டளைகளைத் தட்டச்சு செய்து ஓட்டும் ஷெல்லில் ஒரு வலை இருக்கிறது. வரிகளைக் கோர்க்க பேஸ்ட் கட்டளை அருமையானது. ஆனால் அதற்குப் பிரிப்பானாகக் கமாவும் ஸ்பேஸும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டையும் சேர்த்து ஒவ்வோர் இடத்திலும் போடாது. ஓரிடத்தில் கமா, அடுத்த இடத்தில் ஸ்பேஸ், மறுபடி கமா என்று மாற்றி மாற்றிப் போடும். பேஷில் எல்லா உறுப்புகளையும் ஒரே சரமாக்கும் நட்சத்திரக் குறியும், பிரிப்பான் எழுத்துகளை வைத்திருக்கும் ஐஎஃப்எஸ் மாறியின் முதல் எழுத்தை மட்டுமே பிரிப்பானாக எடுக்கும். இரண்டு எழுத்துப் பிரிப்பான் வேண்டுமென்றால் ஏஆக் என்ற கருவியின் பக்கம் போவதே மேல்.

உள்ளே நடப்பது

லூப்பில் கூட்டல் குறி போட்டு ஒட்டிக்கொண்டே போனால் என்ன செலவு என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 10,000 பெயர்கள், ஒவ்வொன்றும் 20 பைட், பிரிப்பான் 2 பைட். கடைசியில் கிடைப்பது 2,20,000 பைட்டுக்கு இரண்டு குறைவு. சரங்கள் மாற்ற முடியாதவையாக உள்ள மொழியில் ஒவ்வொரு ஒட்டலும் இதுவரை சேர்ந்த மொத்தத்தையும் புதிய இடத்துக்கு நகலெடுக்கிறது. முதல் முறை 22 பைட், இரண்டாம் முறை 44, மூன்றாம் முறை 66. இப்படியே கூட்டினால் சுமார் 110 கோடி பைட் நகலெடுத்தாகிறது. கையில் கிடைத்தது கால் மெகாபைட்டுக்கும் குறைவு, சுமந்தது ஒரு ஜிகாபைட். பெயர்களை இரட்டிப்பாக்கினால் சுமை நான்கு மடங்காகும்.

பைத்தானின் வழக்கமான வடிவமான சிபைத்தான் சில சூழல்களில் இடத்தை அப்படியே நீட்டி இந்த நகலைத் தவிர்க்கும். அந்தச் சரத்தை வேறு எந்த மாறியும் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது அதற்கு நிபந்தனை. யாரோ ஒருவர் அந்தச் சரத்தை வேறொரு பட்டியலிலும் வைத்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். நம்பி எழுதக்கூடிய விஷயமல்ல.

ஜாயின் இதை எப்படிச் செய்கிறது என்பதை நம் மூன்று காய்களை வைத்தே பார்க்கலாம். சிபைத்தான் பட்டியலை இரண்டு முறை நடக்கிறது. முதல் நடையில் எதையும் நகலெடுப்பதில்லை, அளக்க மட்டும் செய்கிறது. கத்தரியில் 6 யூனிகோட் குறிகள்: க, த, புள்ளி, த, ர, இகரக் குறி. வெண்டையிலும் 6. முருங்கையில் 8. பிரிப்பான் இரண்டு இடத்தில், தலா 2. மொத்தம் 24. அளக்கும்போதே இன்னொன்றையும் குறித்துக்கொள்கிறது: வந்த குறிகளில் எண்ணால் மிகப் பெரியது எது என்பதை. பைத்தான் 3.3-லிருந்து சரத்தில் உள்ள மிகப் பெரிய குறியைப் பொறுத்துத்தான் ஒரு குறிக்கு 1 பைட்டா, 2 பைட்டா, 4 பைட்டா என்று முடிவாகிறது. தமிழுக்கு 2 பைட். ஆக 48 பைட்டுக்கு இடம் ஒரே தடவை ஒதுக்கப்படும். இரண்டாம் நடையில் காய், பிரிப்பான், காய், பிரிப்பான், காய் என்று அந்த இடத்தில் நேராக எழுதப்படும். முடிந்தது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, இரண்டு முறை நடக்க வேண்டியிருப்பதால் ஜெனரேட்டரைக் கொடுத்தாலும் உள்ளே அது பட்டியலாக மாற்றப்பட்டுவிடும். மெமரி மிச்சமாகும் என்று நினைத்து ஜெனரேட்டர் எழுதுவதால் இங்கே லாபமில்லை. இன்னொன்று, பதினாயிரம் ஆங்கிலப் பெயர்களுக்கு நடுவில் ஒரே ஒரு எமோஜி வந்தாலும் கோர்த்த மொத்தச் சரமும் குறிக்கு 4 பைட் என்று விரிந்துவிடும். பெரிய ஃபைல் தயாரிக்கும்போது மெமரி திடீரென்று எகிறினால் இதையும் ஒரு பார்வை பார்க்கலாம். மிகப் பெரிய பட்டியலென்றால் ஒரே சரமாகக் கோர்க்கவே வேண்டாம். பிரிப்பானை மாறியில் வைக்கும் அந்த லூப்பையே எழுதி, நேராக ஃபைலுக்குள் தள்ளிவிடலாம்.

கோர்த்ததை ஒரு நிரல் படிக்கும்போது

பிரிப்பான் என்பது ஒரு வாக்குறுதி. "இந்தக் குறி உறுப்புகளுக்குள் எங்கேயும் வராது" என்று படிப்பவருக்கு நாம் கொடுக்கும் வாக்கு அது. அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாத இடத்தில் ஜாயினைப் பயன்படுத்துவதுதான் இந்த விஷயத்தில் மிகப் பெரிய தவறு என்பது என் உறுதியான கருத்து.

கமாவால் பிரித்த அட்டவணையான சிஎஸ்வி ஃபைலை ஜாயினால் தயாரிப்பதே இதற்குப் பொதுவான உதாரணம். முருகன் என்பவரின் முகவரி "12, காந்தி தெரு" என்றால், கமாவால் கோர்த்த வரியில் மூன்று நெடுவரிசை நான்காகிவிடும். சிஎஸ்வி வடிவத்தை விவரிக்க 2005-ல் வெளிவந்த ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் சொல்லும் வழி இது: உறுப்புக்குள் கமாவோ இரட்டை மேற்கோளோ புதுவரியோ இருந்தால் உறுப்பை இரட்டை மேற்கோளுக்குள் வை, உள்ளே உள்ள மேற்கோளை இரட்டித்து எழுது. அதன்படி வரி இப்படி வரும்: முருகன்,"12, காந்தி தெரு",மதுரை. இதை நாமே எழுதப் போகாமல் மொழியோடு வரும் சிஎஸ்வி நூலகத்தைப் பயன்படுத்துவதுதான் சரி. ஜெர்மனி போன்ற இடங்களில் தசமப் புள்ளிக்குப் பதில் கமா போடுவதால் அங்கே எக்செல் அரைப்புள்ளியைப் பிரிப்பானாக வைத்துக்கொள்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

கமாவுக்குப் பதில் செங்குத்துக் கோடு, டாப், டில்டே என்று அரிதான குறிக்கு ஓடுவது பிரச்சினையைத் தள்ளிப்போடும், தீர்க்காது. பயனர் தட்டச்சு செய்யும் எதுவும் ஒருநாள் வந்தே தீரும். ஆஸ்கி அட்டவணையில் இதற்கென்றே நான்கு குறிகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன, 28 முதல் 31 வரை. 31 உறுப்புகளைப் பிரிக்க, 30 பதிவுகளைப் பிரிக்க. விசைப்பலகையில் நேராக இவற்றுக்கு விசை இல்லை என்பதால் மோதல் குறைவு. எடிட்டரில் திறந்தால் கண்ணுக்குத் தெரியாது என்பதால் பலருக்கும் பிடிப்பதில்லை. யூனிக்ஸில் ஃபைல் பெயர்களைக் கோர்க்கும்போது 0 என்ற குறியைப் பயன்படுத்தலாம். ஃபைல் பெயருக்குள் வரவே முடியாத குறிகள் அதுவும் சாய்கோடும் மட்டும்தான். ஃபைன்ட், எக்ஸ்ஆர்க்ஸ் கட்டளைகள் இரண்டிலும் அதற்கான விருப்பங்கள் இருக்கின்றன.

பிரிப்பானே வேண்டாம் என்று நீளத்தை முன்னால் எழுதுவது இன்னொரு வழி. டேனியல் பெர்ன்ஸ்டைன் 1997-ல் எழுதிய நெட்ஸ்ட்ரிங் இப்படித்தான் இயங்கும். தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட் எடுக்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் நம் காய்கள் 18:கத்தரி,18:வெண்டை,24:முருங்கை, என்று வரும். உறுப்புக்குள் கமா இருந்தாலும் கவலையில்லை, படிப்பவர் 18 பைட்டை எண்ணி எடுத்துக்கொள்வார். எண்ணுவது பைட்டை. எழுத்தையோ குறியையோ எண்ணினால் ஆங்கிலத்தில் எல்லாம் சரியாக ஓடி, முதல் தமிழ்ப் பெயரில் உடையும்.

தற்காலிகமாகச் சேமித்த தகவலைத் தேடி எடுக்கும் கேஷ் சாவியையோ கையொப்பமிட வேண்டிய செய்தியையோ கோர்க்கும் இடத்தில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். பிரிப்பான் இல்லாமல் ஒட்டினால் "1", "23" என்ற ஜோடியும் "12", "3" என்ற ஜோடியும் ஒரே "123" ஆகிவிடும். ஒருவருடைய தகவல் இன்னொருவருக்குப் போகும் வழி இது. பிரிப்பான் போட்டாலும் உறுப்புக்குள் அதே குறி வந்தால் கதை அதேதான். நீளத்தை எழுதுங்கள், அல்லது ஜேசான் போல மேற்கோள் விதியுள்ள வடிவத்தைப் பயன்படுத்துங்கள்.

வெற்று உறுப்புக்கும் விலை உண்டு. கட்டளைகளைத் தேட வேண்டிய டைரக்டரிகளை அடுக்கி வைத்திருக்கும் பாத் மாறி, யூனிக்ஸில் முக்காற்புள்ளியால் கோர்க்கப்படுவது. விண்டோஸில் டிரைவ் எழுத்துக்குப் பின்னேயே முக்காற்புள்ளி வருவதால் அங்கே அரைப்புள்ளி. யூனிக்ஸில் இரண்டு முக்காற்புள்ளி அடுத்தடுத்து வந்தாலும், கடைசியில் ஒன்று தொங்கினாலும், அந்த வெற்றிடத்துக்கு "இப்போது நிற்கும் டைரக்டரி" என்று பொருள். புதிய டைரக்டரியை எழுதி, முக்காற்புள்ளி போட்டு, பழைய மதிப்பை ஒட்டும் வரி எத்தனையோ ஸ்கிரிப்ட்களில் இருக்கிறது. நூலகங்களைத் தேடும் பாத் மாறியில் பழைய மதிப்பு பெரும்பாலும் காலியாகவே இருக்கும். அப்போது எந்த டைரக்டரியில் நின்று ஓட்டுகிறோமோ அங்கே கிடக்கும் நூலகம் ஏற்றப்படலாம். பழைய மதிப்பு இருந்தால் மட்டும் முக்காற்புள்ளி என்று நிபந்தனை போடுவது பாதுகாப்பு சார்ந்த விஷயம்.

டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல்லில் இன் என்ற சொல்லுக்குப் பின் வரும் பட்டியலுக்குள் பயனர் கொடுத்த மதிப்புகளைக் கமாவால் கோர்ப்பது, அவர் தன் கட்டளையையே உள்ளே நுழைக்கும் இன்ஜெக்‌ஷனுக்குக் கதவைத் திறந்துவைப்பது. கோர்க்க வேண்டியது மதிப்புகளை அல்ல. மதிப்புகள் எத்தனையோ அத்தனை கேள்விக்குறிகளைக் கோர்த்து, மதிப்புகளைத் தனியாக அனுப்புங்கள். பட்டியல் காலியாக இருந்தால் மைஎஸ்க்யூஎல்லிலும் போஸ்ட்கிரெஸ்ஸிலும் வெற்று அடைப்புக்குறி இலக்கணப் பிழை. அந்த நிலையில் டேட்டாபேஸுக்குப் போகாமலேயே வெற்று விடையைத் திருப்பிவிடலாம். ஷெல் கட்டளைகளை ஸ்பேஸால் கோர்ப்பதும் இதே வகை ஆபத்து. பைத்தான் 3.8-லிருந்து எஸ்ஹெச்லெக்ஸ் நூலகத்தில் அதற்கென்று மேற்கோளோடு கோர்க்கும் ஜாயின் ஒன்று இருக்கிறது.

திரும்பப் பிரிக்கும்போது இன்னொரு நஷ்டம். காலிப் பட்டியலைக் கோர்த்தாலும், ஒரே ஒரு வெற்றுச் சரம் உள்ள பட்டியலைக் கோர்த்தாலும் கிடைப்பது வெற்றுச் சரம்தான். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் வெற்றுச் சரத்தைக் கமாவால் பிரித்தால் ஓர் உறுப்புள்ள பட்டியல் வரும். பயனருக்கு லேபிள் எதுவுமில்லை என்று சேமித்தால், மறுநாள் பெயரில்லாத ஒரு லேபிள் முளைத்திருக்கும். ஜாவாவின் ஸ்ப்ளிட் பின்னால் உள்ள வெற்று உறுப்புகளை உதறிவிடும்: "அ,ஆ,," என்பதைப் பிரித்தால் நான்குக்குப் பதில் இரண்டுதான் வரும். இரண்டாவது உள்ளீடாக மைனஸ் 1 கொடுத்தால் நான்கும் கிடைக்கும்.

டேட்டாபேஸில் கோர்ப்பது

மைஎஸ்க்யூஎல்லில் குரூப்_கான்கேட், போஸ்ட்கிரெஸ்ஸில் ஸ்ட்ரிங்_ஆக், ஆரக்கிளில் லிஸ்ட்ஆக். பல வரிகளை ஒரே சரமாக்கும் வேலை. மூன்றும் நல் மதிப்புகளை விட்டுவிடும். வரிசை வேண்டுமென்றால் உள்ளேயே ஆர்டர் பை சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் இன்று சரியாக வருவது நாளை இண்டெக்ஸ் மாறியதும் வேறு வரிசையில் வரலாம்.

மைஎஸ்க்யூஎல்லின் வரம்புதான் தமிழில் வேலை செய்பவர்களைக் கடிக்கும். இயல்பான உச்ச நீளம் 1024 பைட். அதைத் தாண்டினால் பிழை வராது, எச்சரிக்கையோடு வெட்டிவிடும், எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. தமிழ்க் குறி ஒன்றுக்கு யூடிஎஃப்-8-ல் 3 பைட் என்பதால் ஏறக்குறைய 340 குறிகளிலேயே நின்றுவிடும். ஆங்கிலத்தில் சோதித்துத் தேறிய அதே அறிக்கை, தமிழில் மூன்றில் ஒரு பங்கில் அறுந்துபோகும். வெட்டு ஓர் எழுத்துக்கும் அதன் உயிர்க்குறிக்கும் நடுவிலும் விழலாம், "முருங்கை" என்பது "முருங்க" என்று நிற்கும். செஷனின் தொடக்கத்தில் குரூப்_கான்கேட்_மேக்ஸ்_லென் மதிப்பை உயர்த்திவிடுங்கள். ஆரக்கிளில் வரம்பைத் தாண்டினால் வெளிப்படையாகவே பிழை வரும், அது எவ்வளவோ மேல். எக்செல்லின் டெக்ஸ்ட்ஜாயினும் கட்டம் கொள்ளும் 32,767 எழுத்தைத் தாண்டினால் பிழை காட்டிவிடும்.

தமிழர் படிக்கும்போது

பைத்தானில் ஜாயினுக்குப் பட்டியலுக்குப் பதில் தவறுதலாக ஒரு சரத்தையே கொடுத்தால் அதை எழுத்து எழுத்தாக எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் அது வேடிக்கையாகத் தெரிந்து உடனே பிடிபடும். "தமிழ்" என்பதை "-" கொண்டு கோர்த்துப் பாருங்கள். நமக்கு மூன்று எழுத்து, பைத்தானுக்கு ஐந்து குறி. த-ம-ி-ழ-் என்று வரும். இகரக் குறியும் புள்ளியும் ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் வட்டப் புள்ளிகளோடு தொங்கும். சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துக் காட்டும் விளையாட்டு, குறுக்கெழுத்து, குழந்தைகளுக்கான செயலி எதுவானாலும், முதலில் குறிகளை முழு எழுத்துகளாகச் சேர்த்துப் பட்டியலாக்கிவிட்டுத்தான் கோர்க்க வேண்டும். மெய்க்குப் பின்னால் வரும் உயிர்க்குறியையும் புள்ளியையும் முந்தைய எழுத்தோடு ஒட்டினால் பெரும்பாலும் போதும்.

அடுத்தது இலக்கணம். யூனிகோடின் மொழித்தரவுத் தொகுப்பான சிஎல்டிஆர், ஒவ்வொரு மொழிக்கும் பட்டியலை எப்படி எழுதுவது என்று வைத்திருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் இன்டில் லிஸ்ட்ஃபார்மேட் அதைப் பயன்படுத்துகிறது. தமிழுக்குக் கேட்டால் "கத்தரி, வெண்டை மற்றும் முருங்கை" என்று கொடுக்கும். தவறில்லை, ஆனால் ஆங்கில வாடை. வீட்டில் யாரும் "அப்பா மற்றும் அம்மா வந்தார்கள்" என்று சொல்வதில்லை. "அப்பாவும் அம்மாவும் வந்தார்கள்" என்றுதான் சொல்கிறோம். தமிழில் இணைப்பு நடுவில் நிற்பதில்லை, ஒவ்வொரு பெயரின் வாலிலும் உம் ஆக ஒட்டுகிறது. பிரிப்பான் என்ற கருத்தே இங்கே பொருந்தாது.

அந்த உம்மை நிரலால் ஒட்ட முயன்றால் புணர்ச்சி விதிகள் வந்து நிற்கும். அம்மா அம்மாவும் ஆகும், தம்பி தம்பியும் ஆகும். கல் என்பது தனிக்குறிலை அடுத்த ஒற்று என்பதால் இரட்டித்துக் கல்லும் ஆகும், மரம் அப்படி இரட்டாமல் மரமும் ஆகும். வீடு குற்றியலுகரம் என்பதால் உகரம் கெட்டு வீடும், பசு முற்றியலுகரம் என்பதால் பசுவும். இத்தனையும் எழுதிவிடலாம். ஆனால் பயனர் தன் பெயரை ஆங்கில எழுத்தில் பதிந்திருந்தாலோ முதலெழுத்தோடு பதிந்திருந்தாலோ விதி எதுவும் பொருந்தாது.

நம் பத்திரிகைகள் வெகுகாலமாக வைத்திருக்கும் வழியே நிரலுக்கும் பொருத்தம். பெயர்களைக் கமாவால் கோர்த்து, கடைசியில் ஆகியோர் அல்லது ஆகியவை. இதில் பெரிய லாபம், வேற்றுமை உருபு அந்தச் சொல்லில் ஏறிக்கொள்வது. "முருகன், வள்ளி, கந்தன் ஆகியோருக்கு அனுப்பப்பட்டது", "கத்தரி, வெண்டை, முருங்கை ஆகியவற்றை நீக்கவா?" பெயர்களைத் தொடவே வேண்டாம். எந்த எழுத்தில் இருந்தாலும் வாக்கியம் உடையாது. மொழிபெயர்ப்பு ஃபைலில் பட்டியலுக்கு ஓரிடம், அதன் பின் மாறாத சொல், அவ்வளவுதான்.

ஒரே பெயர் வரும்போது மட்டும் கிளை பிரிக்க வேண்டும், "முருகன் ஆகியோருக்கு" என்று வரக்கூடாது. உருபை நேராக ஒட்டப் போனால் மறுபடி புணர்ச்சிக்கே திரும்ப வேண்டியிருக்கும். ஆளென்றால் "முருகன் அவர்களுக்கு" என்று எழுதலாம், மரியாதையும் கிடைக்கும், எந்தப் பெயருக்கும் ஒத்துப்போகும். பொருளென்றால் "கத்தரி என்பதை நீக்கவா?" காலிப் பட்டியலுக்கு இந்த இரண்டும் வேண்டாம், "யாருக்கும் அனுப்பப்படவில்லை", "எதுவும் தேர்ந்தெடுக்கப்படவில்லை" என்று தனி வாக்கியமாகவே எழுதி வைத்துவிடுங்கள்.